கலப்பினத் தானுந்தின் துணை மின்கலம்

துணை மின்கலம் என்பது, ஹைபிரிட் கார் என்று வழக்கில் அழைக்கப்படும் கலப்பினத் தானுந்துகளில், கணினிகளுக்கும் விளக்குகளுக்கும் கதவுப் பூட்டுகளுக்கும் மின்சாரம் வழங்கும் 12 வோல்ட்டு மின்கலம் ஆகும். இது பெரும்பாலும் ஈய-அமில வகையைச் சார்ந்தது. வண்டியை உருட்டப் பயன்படும் உயர் மின்னழுத்த மின்கல அடுக்கிலிருந்து இது முற்றிலும் வேறானது. கலப்பினத் தானுந்து கிளம்ப மறுக்கும்போது பலரும் முதலில் ஐயுறுவது விலை மிகுந்த பெரிய மின்கல அடுக்கையே. ஆனால், குற்றம் பெரும்பாலும் இச்சிறிய மின்கலத்தில்தான் இருக்கும். இவ்விரண்டையும் பிரித்தறியாமல் பழுதுபார்ப்பதால் வீண் செலவு ஏற்படுவதுடன், 200 வோல்ட்டு அளவிலான மின்னழுத்தம் உள்ள பகுதிகளைத் தேவையின்றித் திறக்கும் ஆபத்தும் நேர்கிறது.

இக்கட்டுரை துணை மின்கலத்தின் தளர்ச்சியைக் கண்டறியும் முறைகளை, கோடை வெப்பம் மிகுந்த வேலூர், ஆம்பூர் தோல் தொழில் வட்டாரத்தின் சூழலை முன்வைத்து விளக்குகிறது.

சொல் வழக்கு

தமிழ்நாட்டுப் பணிமனைகளில் மின்கலம் என்ற சொல்லைக் கேட்பது அரிது. பேட்டரி என்பதே வழக்கு. மின்னேற்றம் குறைந்தால் "பேட்டரி இறங்கிவிட்டது" என்பர். பொறியைச் சுழற்றித் தொடக்கும் மின்னோடி "செல்ப் மோட்டார்" எனப்படும். அது சுழலாவிட்டால் "செல்ப் எடுக்கவில்லை" என்பர். இந்தக் கடைசி வழக்கு கலப்பினத் தானுந்துக்குப் பொருந்தாது. பெரும்பாலான கலப்பினத் தானுந்துகளில் செல்ப் மோட்டாரே இல்லை. குழப்பங்களில் பாதி இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே தோன்றுகின்றன.

இரு மின்கலங்களின் பணி

வழமையான பெட்ரோல் தானுந்தில் 12 வோல்ட்டு மின்கலம் செல்ப் மோட்டாருக்கு நூறு ஆம்பியருக்கு மேற்பட்ட மின்னோட்டத்தைச் சில நொடிகளுக்கு அளிக்கிறது. மின்கலம் தளரத் தொடங்கினால் செல்ப் மோட்டார் முனகிக்கொண்டு மெதுவாகச் சுழலும். ஓட்டுநருக்குச் சில நாட்களுக்கு முன்பே எச்சரிக்கை கிடைத்துவிடுகிறது.

கலப்பினத் தானுந்தில் பொறியைச் சுழற்றும் வேலையை உயர் மின்னழுத்தத்தில் இயங்கும் மின்னோடி செய்கிறது. அதற்கான ஆற்றல் பெரிய மின்கல அடுக்கிலிருந்து வருகிறது. ஆனால், வண்டி நிறுத்தப்பட்டிருக்கும்போது பாதுகாப்புக் கருதி அப்பெரிய அடுக்கு மற்ற பகுதிகளிலிருந்து ரிலே எனப்படும் மின்காந்த இணைப்பிகளால் துண்டிக்கப்பட்டிருக்கும். ஓட்டுநர் பொத்தானை அழுத்தியதும் துணை மின்கலம் முதலில் கணினிகளை விழிக்கச் செய்கிறது. கணினிகள் சோதனைகளை முடித்து, அதே 12 வோல்ட்டு மின்சாரத்தால் அந்த ரிலேக்களை மூடுகின்றன. அப்போதுதான் பெரிய அடுக்கு இணைக்கப்பட்டு, முகப்புப் பலகையில் "ரெடி" என்ற சொல் தோன்றும். அதன்பின் நேர்மின் மாற்றி ஒன்று உயர் மின்னழுத்தத்தை ஏறத்தாழ 14 வோல்ட்டாகக் குறைத்துத் துணை மின்கலத்தை மின்னேற்றுகிறது. பணிமனைகளில் டைனமோ என்று சொல்லப்படும் மின்னாக்கி இவ்வண்டிகளில் இல்லை. நேர்மின் மாற்றியே அதன் இடத்தில் உள்ளது.

இதனால் இரண்டு விளைவுகள் உண்டு. ஒன்று, பெரிய அடுக்கு நிறைந்திருந்தாலும் துணை மின்கலம் வெறுமையாக இருந்தால் வண்டி கிளம்பாது. நெல் நிறைந்த களஞ்சியத்தின் திறவுகோல் தொலைந்தது போன்ற நிலை அது. மற்றொன்று, துணை மின்கலத்திடம் பெரிய மின்னோட்டம் எப்போதும் கேட்கப்படாததால், அதன் தளர்ச்சி வெளியே தெரிவதில்லை. தன் கொள்ளளவில் பெரும்பகுதியை இழந்துவிட்ட மின்கலமும் கணினிகளை எழுப்பிவிடும். பின்னர் ஒரு நாள் காலையில், முந்தைய நாள் வரை எக்குறையும் காட்டாத வண்டி, அறவே அசையாது.

இந்தியாவில்

டொயோட்டா நிறுவனத்தின் பிரியசு 1997 டிசம்பரில் சப்பானில் விற்பனைக்கு வந்தது. இந்தியாவில் ஹோண்டா சிவிக் கலப்பினம் 2008 ஆம் ஆண்டிலும், பிரியசு 2010 ஆம் ஆண்டிலும் அறிமுகமாயின. விலை காரணமாக இரண்டும் மிகுதியாகப் பரவவில்லை. சிவிக் கலப்பினத்தில் மாற்று ஏற்பாடாக வழமையான செல்ப் மோட்டாரும் வைக்கப்பட்டிருந்தது. மேலே கூறிய பொதுவிதிக்கு அது ஒரு விலக்கு. 2022 ஆம் ஆண்டில் ஹோண்டா சிட்டி, டொயோட்டா அர்பன் குரூசர் ஐரைடர், மாருதி சுசுக்கி கிராண்ட் விட்டாரா ஆகியவற்றின் முழுக் கலப்பின வடிவங்கள் வெளிவந்த பின்னரே, சென்னை போன்ற மாநகரங்களுக்கு வெளியேயும் இவ்வகை வண்டிகள் பரவலாகக் காணப்படலாயின.

அந்நாட்களில் இந்தியாவில் விற்கப்பட்ட பிரியசின் பெரிய அடுக்கில் 168 நிக்கல்-உலோக ஐதரைடு கலங்கள் தொடராக இணைக்கப்பட்டிருந்தன. கலம் ஒன்றுக்கு 1.2 வோல்ட்டாக மொத்தம் 201.6 வோல்ட்டு கிடைத்தது. ஐரைடரில் இலித்தியம்-அயனி அடுக்கு. அதன் மின்னழுத்தம் 177.6 வோல்ட்டு. வேதியியல் மாறினாலும், கதவைத் திறந்துவிடும் வேலை 12 வோல்ட்டு மின்கலத்திடமே உள்ளது.

மாருதி சியாசு முதலிய வண்டிகளில் 2015 முதல் வந்த மென் கலப்பின அமைப்பு இக்கட்டுரையின் எல்லைக்கு வெளியே உள்ளது. அவற்றில் 12 வோல்ட்டு மின்சுற்றே பொறிக்கு உதவுகிறது.

வேலூர், ஆம்பூர் வட்டாரச் சூழல்

தோல் தொழில் வட்டாரம் எனப்படுவது பாலாற்றையும் சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலையையும் ஒட்டி அமைந்த இராணிப்பேட்டை, வாலாசாப்பேட்டை, மேல்விசாரம், வேலூர், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்களைக் கொண்டது. 2019 ஆம் ஆண்டு வரை இவையனைத்தும் வேலூர் மாவட்டத்தில் இருந்தன. இப்போது ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்திலும், இராணிப்பேட்டையும் அதைச் சூழ்ந்த ஊர்களும் இராணிப்பேட்டை மாவட்டத்திலும் உள்ளன.

கடலிலிருந்து விலகி, மலைகளுக்கு இடையே அமைந்த இப்பகுதியில் கத்திரி வெயில் காலத்தில் வெப்பநிலை 40 பாகை செல்சியசைத் தாண்டுவது வழக்கம். நிழலின்றி நிற்கும் வண்டியினுள் வெப்பம் இன்னும் பன்மடங்கு உறைக்கும். ஈய-அமில மின்கலத்தின் வெப்பநிலை 10 பாகை உயர்ந்தால் அதன் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகக் குறையும் என்பது பொதுவாகக் கொள்ளப்படும் கணக்கு. வெப்பத்தால் உள்ளே நேர்மின் தகட்டின் சட்டகம் அரிக்கப்படுகிறது; மின்பகுளியிலுள்ள நீரும் குறைகிறது. குளிர் நாடுகளில் எழுதப்பட்ட கையேடுகள் மின்கலத்தின் எதிரியாகப் பனிக்காலத்தைச் சொல்கின்றன. இங்கே அந்த இடம் சித்திரை, வைகாசிக்கு உரியது. கோடையில் ஏற்பட்ட சேதம் சில மாதங்கள் கழித்து, மழை நாளில் கூட வெளிப்படலாம்.

வெப்பத்தோடு மற்றொரு பழக்கமும் சேர்கிறது. வெயிலில் யாருக்கேனும் காத்திருப்போர் பொத்தானை அழுத்திவிட்டுக் காற்று வாங்கிக்கொண்டு அமர்ந்திருப்பர். தடைமிதியை மிதிக்காமல் பொத்தானை அழுத்தியிருந்தால் வண்டி "ரெடி" நிலைக்குச் செல்லாது. துணை மின்கலம் மட்டுமே செலவாகிக் கொண்டிருக்கும். பொறியின் ஓசை இல்லாததைக் கொண்டு இதை அறிய இயலாது, ஏனெனில் "ரெடி" நிலையிலும் பொறி அமைதியாக இருக்கக்கூடும். இவ்வண்டிகளில் பொதுவாகக் குளிரூட்டியின் அழுத்தி உயர் மின்னழுத்தத்தில் இயங்குவதால், குளிர்ந்த காற்று வராமல் விசிறிக் காற்று மட்டும் வந்தால் மின்கலம் இறங்கிக் கொண்டிருக்கிறது என்று கொள்ளலாம்.

அறிகுறிகள்

துணை மின்கலம் தளர்ந்த வண்டியில் முகப்பு விளக்குகள் மங்கி நடுங்கும். ஒன்றோடொன்று தொடர்பற்ற பல எச்சரிக்கைக் குறிகள் ஒருசேர எரியும். ரிலேக்கள் "டிக் டிக்" என்று மீண்டும் மீண்டும் ஒலிக்கும். கடிகாரம் தன் நேரத்தை இழந்திருக்கும். தொலைவுச் சாவிக்குக் கதவு திறக்காமலும் போகலாம். முற்றிலும் இறங்கிவிட்டால் எதுவுமே நிகழாது.

பெரிய அடுக்கில் குற்றம் இருந்தால் காட்சி வேறாக இருக்கும். விளக்குகள் பளிச்சென எரியும், கதவுகள் திறக்கும், பாட்டுப் பெட்டி பாடும். ஆனால், கலப்பின அமைப்பைச் சோதிக்குமாறு ஓர் அறிவிப்பு தோன்றும்.

மின்கலத்தோடு தொடர்பற்ற எளிய காரணங்களையும் முதலிலேயே விலக்கிவிட வேண்டும். தடைமிதி முழுமையாக மிதிக்கப்பட்டதா, பல்லிணைத் தண்டு நிறுத்த நிலையில் உள்ளதா, எரிபொருள் உள்ளதா என்று பார்க்க வேண்டும். சாவியினுள் இருக்கும் பொத்தான் மின்கலம் தீர்ந்திருந்தாலும் வண்டி சாவியை உணராது. டொயோட்டா வண்டிகளில் அச்சாவியை இயக்கப் பொத்தானின் மீது தொட்டுப் பிடித்தால் வண்டி அதை ஏற்றுக்கொள்ளும்.

சோதித்தறிதல்

இதற்குத் தேவையான கருவி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மின்னணுப் பன்னளவி, அதாவது மல்ட்டிமீட்டர். துணை மின்கலம் இருக்குமிடம் மாதிரிக்கு மாதிரி வேறுபடும். பிரியசில் அது பின்புறச் சரக்கறையின் வலப்பக்கத்தில் மறைந்திருந்தது. மின்கலம் இறங்கிவிட்டால் மின்சாரத்தால் திறக்கும் பின்கதவும் திறக்காது என்பதால், முன்மூடியின் கீழுள்ள உருகிப் பெட்டியில் அதற்கென ஒரு நேர்மின் முனை தரப்பட்டிருந்தது. அம்முனையிலும் மின்னழுத்தத்தை அளக்கலாம்.

வண்டி சில மணி நேரம் ஓய்ந்திருந்த பின் அளப்பதே சரியானது. ஓடி நின்ற உடனே அளந்தால் மேற்பரப்பு மின்னேற்றத்தால் பொய்யாக உயர்ந்த அளவு காட்டும். கதவைத் திறந்தவுடன் அளந்தாலோ, விழித்துக்கொண்ட கணினிகள் அளவைச் சற்றுக் குறைத்துக் காட்டும். ஓய்வு நிலையில் அளவுகளைப் பின்வருமாறு கொள்ளலாம்:

12.6 வோல்ட்டும் அதற்கு மேலும்: நிறைவு. கண்ணாடி இழைப் பாய் வகை மின்கலத்தில் இது 12.8 வரை இருக்கும்.
12.4 வோல்ட்டு: முக்கால் பங்கு.
12.2 வோல்ட்டு: பாதி.
12.0 வோல்ட்டு: கால் பங்கு.
11.8 வோல்ட்டுக்குக் கீழ்: வெறுமை எனக் கருதத்தக்கது.

நன்கு மின்னேற்றிய பின்னரும் 10.5 வோல்ட்டை ஒட்டியே நின்றால், உள்ளிருக்கும் ஆறு கலங்களில் ஒன்று செத்துவிட்டது எனலாம். அம்மின்கலத்தை மேலும் மின்னேற்றுவதில் பயனில்லை.

மின்னழுத்தம் மட்டும் நலமாக இருப்பது போதாது. கொள்ளளவை இழந்த மின்கலமும் சுமையில்லாதபோது 12.6 காட்டும். வழமையான வண்டியில் செல்ப் மோட்டாரே சோதனைச் சுமையாக அமையும். இங்கே அது இல்லாததால் வேறு சுமை வேண்டும். "ரெடி" நிலைக்குச் செல்லாமல் முகப்பு விளக்குகளையும் காற்று விசிறியையும் இரண்டு மூன்று நிமிடம் இயக்கி அளவியைக் கவனிக்க வேண்டும். நல்ல மின்கலம் 12 வோல்ட்டை ஒட்டி நிலைத்து நிற்கும். தளர்ந்தது படிப்படியாகச் சரிந்து 11.5க்குக் கீழே செல்லும். பேட்டரிக் கடைகளில் உள்ள மின்னணுச் சோதனைக் கருவியும் பயன்படும். ஆனால், மின்கலத்தின் வகையையும் அதன் மேலுள்ள தர எண்ணையும் சரியாகப் பதிந்தாலன்றி அதன் தீர்ப்பை நம்புவதற்கில்லை.

அடுத்து வண்டியை "ரெடி" நிலையில் வைத்து அளக்க வேண்டும். ஏறத்தாழ 13.5 முதல் 14.7 வரை காட்டினால் நேர்மின் மாற்றி தன் வேலையைச் செய்கிறது. ஓய்வு நிலையில் கண்ட அதே அளவே தொடர்ந்தால் மின்னேற்றம் நடைபெறவில்லை. இச்சோதனையைச் செய்யாமல் புதிய மின்கலம் வாங்குவோர், சில நாளில் அதுவும் இறங்கிவிடக் கண்டு விற்றவரைக் குறை கூறுவதுண்டு.

மின்கலம் கெட்டதா, அல்லது வண்டி அதை உறிஞ்சுகிறதா என்பதே எஞ்சும் கேள்வி. இதற்குச் செலவில்லாத ஒரு வழி உண்டு. மின்கலத்தை முழுதும் மின்னேற்றி, எதிர்மின் இணைப்பைக் கழற்றி, ஓரிரவு விட்டுவைக்க வேண்டும். காலையில் அளவு கணிசமாகக் குறைந்திருந்தால் குற்றம் மின்கலத்தினுடையது. குறையாமல் நின்று, இணைத்து வைத்த இரவில் மட்டும் குறைந்தால் குற்றம் வண்டியினுடையது.

வண்டி உறிஞ்சும் மின்னோட்டத்தை எதிர்மின் இணைப்பில் பன்னளவியைத் தொடராகச் சேர்த்து அளக்கலாம். கதவுகளைப் பூட்டி, சாவியை எட்டத்தில் வைத்து, கணினிகள் உறங்கும் வரை அரை மணி நேரமாவது காத்திருக்க வேண்டும். அளவியை இணைத்த நிலையில் பொத்தானை அழுத்தினால் அளவியின் உருகி போய்விடும். பொதுவாக 20 முதல் 50 மில்லி ஆம்பியர் வரை இயல்பானது. அந்த இயல்பான அளவே சிறிதன்று. 50 மில்லி ஆம்பியர் என்பது நாளொன்றுக்கு 1.2 ஆம்பியர்-மணி, 45 ஆம்பியர்-மணி மின்கலத்தில் பாதிக்கும் மேல் 20 நாளில் தீர்ந்துவிடும். வெப்பத்தால் கொள்ளளவு 20 ஆம்பியர்-மணியாகச் சுருங்கிவிட்ட மின்கலம் 17 நாளில் முற்றிலும் வெறுமையாகும். உரிமையாளர் வெளிநாடு சென்று இரண்டு மூன்று வாரம் கழித்துத் திரும்பும்போது வண்டி கிளம்பாததற்குப் பெரும்பாலும் இக்கணக்கே காரணம். பின்னர் பொருத்தப்பட்ட நிகழ்படக் கருவி, இருப்பிடங்காட்டி ஆகியவையும், வண்டிக்கு அருகிலேயே சுவரில் மாட்டிவைத்த தொலைவுச் சாவியும் இவ்வளவைக் கூட்டும்.

மின்முனைகளையும் பார்க்க வேண்டும். வெள்ளையாகவோ பசும் நீலமாகவோ பூத்திருப்பது மின்கல அமிலத்தால் விளைந்தது. செம்புக் கம்பியின் மேல் கறுத்த படலம் இருந்தால் அது சல்பைடு. தோல் பதனிடும் கூடங்களில் உரோமம் நீக்கச் சோடியம் சல்பைடு பயன்படுத்தப்படுகிறது. அக்கழிவிலிருந்து எழும் ஐதரசன் சல்பைடு வளி செம்பையும் வெள்ளியையும் கறுக்கச் செய்யும். சுமை இயங்கும்போது மின்முனைக்கும் அதைப் பற்றியிருக்கும் கவ்விக்கும் இடையே 0.2 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் அவ்விணைப்பைத் தூய்மை செய்ய வேண்டும்.

இங்கே இன்னொன்றும் குறிப்பிடத்தக்கது. அளவுமீறி மின்னேற்றப்பட்ட ஈய-அமில மின்கலமும் அதே அழுகிய முட்டை நாற்றமுள்ள வளியை வெளியிடும். பிற ஊர்களில் இந்நாற்றம் உடனே ஐயத்தை எழுப்பும். காற்றோடு அந்நாற்றம் வந்துபோகும் ஊரில் வாழ்வோர் அதைப் பொருட்படுத்தாமல் விடக்கூடும். மின்கலம் வண்டியின் உட்புறத்தில் அமைந்த மாதிரிகளில் இது நஞ்சாகும் அபாயம் உடையது. நாற்றம் சாளரங்களை அடைத்த வண்டிக்குள் மிகுந்தால் இறங்கிவிட்டு, மின்கலம் சூடாகவோ உப்பியோ உள்ளதா என்று பார்ப்பது நலம்.

பெரிய அடுக்கின் மீது எழும் பொய்க் குற்றச்சாட்டு

தானுந்தின் கணினிகள் குறிப்பிட்ட மின்னழுத்தத்துக்குக் கீழே தாறுமாறாக நடந்துகொள்ளும். ஒரு கணினி மற்றொன்றின் விடையைப் பெறாதபோது, இல்லாத குற்றங்களையும் குறியெண்களாகப் பதிவு செய்துவிடும். அந்நிலையில் கண்டறி கருவியை இணைத்துப் படிப்பவருக்கு, வண்டியில் ஒன்றுகூட ஒழுங்காக இல்லை என்று தோன்றும். ஆகவே துணை மின்கலத்தை முழுதும் மின்னேற்றி, குறியெண்களைக் குறித்துக்கொண்டு அழித்து, வண்டியைச் சிறிது தொலைவு ஓட்டி, மீண்டும் படிக்க வேண்டும். அதன்பின்னரும் பி0ஏ80 என்னும் குறியெண் திரும்ப வந்தால், பெரிய அடுக்கின் கலத்தொகுதிகளுக்கிடையே மின்னழுத்த வேறுபாடு மிகுந்துள்ளது என்று பொருள். அப்போதுதான் அடுக்கை ஐயுற வேண்டும். அப்போதும்கூட, அடுக்கைக் குளிர்விக்கும் விசிறியின் காற்று வடிகட்டியில் தூசு அடைத்துள்ளதா என்பதை முதலில் பார்ப்பது முறை.

2022க்குப் பின் இந்தியாவில் வெளிவந்த டொயோட்டா, மாருதி சுசுக்கி முழுக் கலப்பின வண்டிகளின் பெரிய அடுக்குக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் உத்தரவாதம் தரப்பட்டது. துணை மின்கலம் அதில் அடங்காது.

உயர் மின்னழுத்தக் கம்பிகள் செம்மஞ்சள் நிற உறையுடையவை. பயிற்சி பெறாதவர் அவற்றைத் தொடலாகாது. இவ்வட்டாரத்தில் எளிதிற் கிடைக்கும் தோல் கையுறை மின்காப்பு அன்று. மின்பணியாளர் அணிவது தரச்சோதனை செய்யப்பட்ட இரப்பர் கையுறையை. அது கிழியாமல் காப்பதற்காக மட்டுமே அதன் மேல் தோல் கையுறை அணியப்படுகிறது.

வெளி மின்கலம் கொண்டு கிளப்புதல்

பல்லிணையில் வைத்துத் தள்ளிக் கிளப்பும் பழைய முறை இவ்வண்டிகளில் பலிக்காது. வேறொரு 12 வோல்ட்டு மின்கலத்தின் நேர்மின் முனையைக் கையேட்டில் குறித்த முனையோடும், எதிர்மின் முனையை மின்கலத்திலிருந்து விலகிய வண்ணம் பூசாத உலோகப் பகுதியோடும் இணைத்து, சில நிமிடம் காத்திருந்து, தடைமிதியை மிதித்துப் பொத்தானை அழுத்த வேண்டும். கணினிகளை எழுப்பினால் போதும் என்பதால், ஓர் இருசக்கர வண்டியின் நல்ல மின்கலம்கூட இதற்குப் போதுமானதாக இருக்கலாம். முனைகளை மாற்றி இணைத்தால் முதன்மை உருகி எரியும். நேர்மின் மாற்றியும் கெடலாம்.

நெடுஞ்சாலையில் இரவில் நின்றுவிட்ட வண்டிக்கு முதலில் உதவ வருவோர் பெரும்பாலும் லாரி ஓட்டுநர்களே. லாரியின் மின்சுற்று 24 வோல்ட்டு உடையது. அதைக் கலப்பினத் தானுந்தோடு இணைத்தால் கணினிகள் எரிந்துபோகும். அதுபோல, கலப்பினத் தானுந்திலிருந்து கம்பி இழுத்துப் பிறர் வண்டியின் செல்ப் மோட்டாரைச் சுழற்றுவதும் தவிர்க்கத்தக்கது. அதன் சிறு மின்கலமும் நேர்மின் மாற்றியும் அவ்வளவு மின்னோட்டத்துக்காக அமைந்தவை அல்ல.

வண்டி கிளம்பிய பின் உடனே அணைத்துவிடாமல் ஒரு மணி நேரமாவது "ரெடி" நிலையில் வைத்திருக்க வேண்டும். வெறுமையான நிலையில் பல நாள் கிடந்த மின்கலத்தில் ஈய சல்பேட்டுப் படிகங்கள் இறுகிவிடும். அது மீண்டும் பழைய கொள்ளளவை எட்டாது.

மாற்றுதல்

புதிய மின்கலம் பழையதன் வகையையே சார்ந்திருக்க வேண்டும். உட்புறத்தில் அமையும் மின்கலத்துக்கு வளியை வெளியேற்றும் குழாய் இன்றியமையாதது. விலை குறைவு என்று சாதாரண மின்கலத்தை அங்கே பொருத்தக் கூடாது. கண்ணாடி இழைப் பாய் வகையைக் கடைகளிலுள்ள பழைய மின்னேற்றிகளில் இரவு முழுதும் கொதிக்க விட்டால் அது கெட்டுவிடும். குறைந்த மின்னோட்டத்தில் மெதுவாக மின்னேற்ற வேண்டும். இணைப்பு துண்டிக்கப்பட்டதால் கடிகாரம், சாளரங்களின் தானியங்கு ஏற்றம் ஆகியவற்றை மீண்டும் அமைக்க வேண்டியிருக்கும்.

பழைய மின்கலத்தைக் கடைக்காரர் ஒரு தொகை கழித்துக்கொண்டு பெற்றுக்கொள்வது வழக்கம். 2001 ஆம் ஆண்டு மின்கல விதிகளும், அவற்றின் இடத்தில் வந்த 2022 ஆம் ஆண்டு மின்கலக் கழிவு மேலாண்மை விதிகளும், அதைப் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்க்க வேண்டும் என்கின்றன. பதிவற்ற உருக்குமிடங்களில் ஈயம் எடுக்கப்படும்போது அமிலம் தரையில் கொட்டப்படுகிறது. தோல் கழிவால் பாலாற்று நிலமும் நீரும் கெட்டது குறித்து உச்ச நீதிமன்றம் 1996 ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது இவ்வட்டாரத்தின் வழக்கிலேயே ஆகும். அம்மண்ணில் முன்பே குரோமியம் கலந்துள்ளது.